நாற்பத்தொரு மரங்களுக்கு ஈடு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, டீ டம்ளரை மேசையில் வைத்த கையோடு அம்சவேணி அந்த உத்தரவைப் படித்தாள். முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். நல்லாம்பதி மாநகராட்சியின் மர அலுவலராகப் பன்னிரண்டு வருடங்களில் இப்படிப்பட்ட உத்தரவுகளை எத்தனையோ பார்த்தவள். எதிலும் அவளுடைய அக்காவின் கதவு எண் இருந்ததில்லை.

மேம்பாலத்துக்காக மில் ரோட்டில் நாற்பத்தொரு தூங்குமூஞ்சி மரங்களை வெட்டியிருந்தார்கள். அவற்றுக்கு ஈடு செய்ய வேண்டிய இடமாக, அதே வார்டிலிருந்த வாய்க்கால்மேட்டை மாநகராட்சியின் கணக்குப் போடும் இயந்திரம் தேர்ந்தெடுத்திருந்தது. அங்கே இருக்கும் அறுபத்திரண்டு தகரக் கூரை வீடுகளையும் நாற்பத்தைந்து நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும். குடியிருப்பவர்களுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி, கரட்டடியில் அடுக்குமாடி வீடு தரப்படும். பட்டியலில் பதினேழாவது வரி: கலாமணி, வயது ஐம்பத்தொன்று.

இதில் கொடுமை என்னவென்றால், விதியை எழுதியவளே அம்சவேணிதான்.

எட்டு வருடங்களுக்கு முன்பு வரை நல்லாம்பதியில் ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒப்பந்தக்காரர்கள் பத்துக் குச்சியை நட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் அதே குச்சிகளைப் பிடுங்கி அடுத்த தெருவில் நட்டு, அங்கேயும் ஒரு போட்டோ. அம்சவேணி ஒருமுறை ஒரு குச்சியின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்து, அது ஆறு வார்டு சுற்றி வந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள். பிடித்து என்ன? குச்சிக்காரருக்கு அந்த வருடம் மாநகராட்சியின் பசுமை விருது கொடுத்தார்கள்.

அந்த எரிச்சலில் உட்கார்ந்து எழுதியதுதான் ஈடு விதி. மூன்றே வரி. கன்றுகளை எண்ணக்கூடாது, போன குளிர்ச்சி திரும்பி வந்ததா என்று அளக்க வேண்டும் என்பது முதல் வரி. வார்டில் எங்கே வெயில் அதிகமாக அடிக்கிறதோ அங்கேதான் முதலில் ஈடு செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. இடத்தை இயந்திரம் தேர்ந்தெடுக்கும், மேயரோ ஆணையரோ கவுன்சிலரோ அதில் தலையிட முடியாது என்பது மூன்றாவது. மரம் என்ற சொல்லே விதியில் எங்கும் வராதபடி பார்த்துக்கொண்டாள். குச்சியை நட்டுவிட்டு மரம் மரம் என்று சாதித்தவர்களைப் பார்த்து அந்தச் சொல்லின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது.

இரண்டாவது வரியை எழுதும்போது அவள் மனதில் இருந்தது வாய்க்கால்மேடுதான். அவள் பிறந்து வளர்ந்த இடம். சித்திரை மாதத்தில் அந்தத் தகரத்துக்கு அடியில் இருப்பது அடுப்புக்குள் இருப்பதற்குச் சமம். அம்மா மில்லுக்குப் போன பிறகு, கலாமணி ஒரு பழைய பனியன் துணியை நனைத்துத் தங்கையின் மேல் போர்த்துவாள். அது காயக் காய நனைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என்றைக்காவது இந்த இடத்துக்கு நிழல் வரவேண்டும் என்று நினைத்துத்தான் அம்சவேணி அந்த வரியை எழுதினாள். அவள் கேட்டபடியே நிழல் வருகிறது, யாருக்கு என்று மட்டும் அவள் எழுத மறந்துவிட்டாள்.

இயந்திரம் இருந்தது மாநகராட்சியின் பின்கட்டு மாடியில். இரண்டு ஏசி ஓயாமல் ஓடும் அறை. நகரத்திலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் ரியாஸ் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பான்.

"வாய்க்கால்மேட்டு உத்தரவை நிறுத்தணும் ரியாஸ்."

"மூணாவது வரி மேடம்," என்றான் அவன், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "யாரும் தலையிட முடியாது. நீங்க பிடிச்ச பிடியிலதான் அத சேர்த்தாங்க."

"மனுசங்க இருக்கற எடத்த எப்படிக் காலி எடம்னு எடுக்குது?"

"காலி எடம்னு எடுக்கல. வெயில் எடம்னு எடுத்துருக்கு. வார்டுல முதல் எடம் அந்த மால் பார்க்கிங்தான். ஆனா அது பட்டா நிலம், ஓனர் சம்மதம் வேணும். தரமாட்டேன்னுட்டாங்க. ரெண்டாவது வாய்க்கால்மேடு. அங்க யாருக்கும் பட்டா இல்ல. அதனால கேக்க வேண்டிய ஆளும் இல்ல."

"வீடுகளுக்கு நடுவுலயே கன்று வைக்கலாமே?"

"இப்ப லேப்ல வளக்கற கன்று மேடம். பதினோரு மாசத்துல கூரைக்கு மேல குடை விரிச்சிரும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் சுத்தி அஞ்சு மீட்டர் வெறும் மண்ணு வேணும். சிமெண்டு தொட்டா வேரு பட்டுப்போகும். நாப்பத்தொண்ணு வைக்கணும்னா ஒரு வீடு கூட நிக்காது."

அம்சவேணி இயந்திரம் இருந்த அந்த இரும்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் மேல் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள், ஆயுத பூஜைக்கு வைத்தது.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றான் ரியாஸ், குரலைத் தாழ்த்தி. "உத்தரவு போட்ட முப்பத்தெட்டாவது நாள்ல இருந்து ஏழு நாளு குட்டி விமானம் பறக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூரைச் சூட்டை அளக்கும். ஆறு டிகிரி கொறஞ்சிருந்தா அந்த எடம் வெயில் பட்டியல்ல இருந்து எறங்கிரும். வீட்டக் காலி பண்ணச் சொல்ற உத்தரவு தானா ரத்தாயிரும்."

"எப்படிக் கொறையும்?"

"அது எனக்குத் தெரியாது மேடம். கொறஞ்சுதுன்னா ஏன்னு அது கேக்காது."

கலாமணி வீட்டு வாசலில் பனியன் வேஸ்ட் மூட்டையைப் பிரித்துப் போட்டுத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனிகள் வெட்டிக் கழித்த துணித் துண்டுகளைப் பிரிப்பதுதான் வாய்க்கால்மேட்டில் பாதிப் பெண்களுக்குப் பிழைப்பு. தங்கை சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

"நெழலு வேணும்னு நாப்பது வருசமாக் கேட்டோம்," என்றாள் கடைசியில். "ஆளுகளத் தூக்கிட்டு நெழல வைக்கறாங்களாமா? ஏண்டி வேணி, இந்த ரோசனைய எந்தப் புண்ணியவான் சொன்னது?"

அம்சவேணி தரையைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் அவளுக்கு அது என்றைக்கும் வந்ததில்லை.

"நாந்தாங்க்கா எழுதுனேன்."

கலாமணியின் கை நின்றது. திட்டுவாள் என்று அம்சவேணி எதிர்பார்த்தாள். அவளோ தங்கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிக்க வெச்சதுக்கு நல்லாச் செஞ்சே போ," என்றாள். பிறகு எழுந்து நின்று தன் கூரையை ஒரு பார்வை பார்த்தாள். "ஆறு டிகிரிதான?"

யோசனை கலாமணியுடையது. அதைச் செய்ய வேறு எந்த ஊராலும் முடிந்திருக்காது, ஏனென்றால் வேறு எந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு இவ்வளவு பனியன் வேஸ்ட் கிடையாது. நாலு மடிப்பாக அடுக்கி, ஊசி நூலால் தைத்து, கூரை அளவுக்கு மெத்தை மாதிரி செய்தார்கள். பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. நாற்பது வருடத்துக்கு முன்பு ஒரு குழந்தையின் மேல் செய்து பார்த்த வைத்தியத்தை இப்போது ஒரு ஊருக்கே செய்தாள் கலாமணி.

முப்பது நாளில் அறுபத்திரண்டு கூரைக்கும் மெத்தை தயார். அதன் பிறகுதான் உண்மையான வேலை. காலை பதினோரு மணிக்கு ஒருமுறை, ஒன்றரை மணிக்கு ஒருமுறை, வீட்டுக்குப் பன்னிரண்டு குடம். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும், அதை மேலே ஊற்ற முடியுமா? வாய்க்காலில் இறங்கி அந்த நாற்றத் தண்ணீரை மொண்டார்கள். மில் வேலைக்குப் போகிறவர்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டார்கள், மாற்ற முடியாதவர்கள் லீவு போட்டார்கள். மூன்றாம் நாள் ஒன்பதாம் நம்பர் வீட்டுத் தங்கமணி ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ற ஊட்டுக்கு யாரு ஊத்தறாங்க?"

அம்சவேணியும் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து குடம் சுமந்தாள். அலுவலகத்தில் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். ஏழு நாளும் இரண்டு மணிக்கு அந்தக் குட்டி விமானம் கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு வரும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் கலாமணி அதைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்டதற்கு அப்புறம் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

எட்டாம் நாள் காலையில் ரியாஸ் கூப்பிட்டான். "ஒம்பது டிகிரி மேடம்! ஆறு கேட்டா ஒம்பது! உத்தரவு ரத்து!"

வாய்க்கால்மேட்டில் அன்றைக்குப் பண்டிகைதான். யாரோ பட்டாசு வாங்கி வந்தார்கள். அண்டாவில் தக்காளிச் சோறு கிண்டினார்கள். கலாமணி தங்கைக்குத் தன் கையால் ஊட்டினாள். அம்சவேணிக்கு எட்டு வருடமாக இல்லாத ஒரு நிம்மதி. தான் எழுதிய விதி தோற்றதில் யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளுடைய அலுவலகத்துக்குக் கோகுல்நாத் வந்தான். மேம்பாலம் கட்டும் நிறுவனத்தின் மேலாளர்; வெட்டிய மரங்களுக்கு ஈடு செய்ய வேண்டியது அந்த நிறுவனம்தான். கையில் இரண்டு கிலோ இனிப்புப் பெட்டி, வாயெல்லாம் பல்.

"ரொம்ப நன்றிங்க மேடம். இவ்வளவு சீக்கிரம் முடியும்னு நாங்க நெனைக்கவே இல்ல."

"என்ன முடிஞ்சுது?"

"ஈடுங்க."

அவள் இனிப்புப் பெட்டியைத் தொடவில்லை. பின்கட்டு மாடிக்கு ஏறி ஓடினாள். ரியாஸ் அவளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன் மாதிரி எழுந்து நின்றான். அவன் முகத்தில் இரண்டு நாள் தாடி.

"நேத்துதான் பாத்தேன் மேடம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லு."

"ரத்தானது காலி பண்ற உத்தரவு மட்டுந்தான். ஈடு கணக்கு தெறந்தேதான் இருந்துச்சு. நாப்பத்தொரு மரம் போனதுல எவ்வளவு குளிர்ச்சி போச்சுன்னு அதுக்குத் தெரியும். அந்தக் குளிர்ச்சி எப்ப, எங்க திரும்பி வருதுன்னு பாத்துட்டே இருந்துச்சு. வாய்க்கால்மேட்டுல வந்துருச்சு. போனதவிடக் கொஞ்சம் அதிகமாவே. ஈடு செய்யப்பட்டதுன்னு எழுதிக் கணக்க மூடிருச்சு."

"எந்த மரமும் வைக்கலியே ரியாஸ்!"

"விதியில மரம்னு எங்க மேடம் இருக்கு?"

அம்சவேணி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடித்தது.

"இன்னும் இருக்கு," என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "ஈடு செஞ்சது இருபது வருசம் நிக்கணும். மாசத்துல ஒரு நாள் விமானம் வரும். எந்த நாள்னு முன்கூட்டிச் சொல்லாது. சொன்னா கன்றுகளக் கடன் வாங்கி நட்டுருவாங்கன்னு..."

"நாந்தான் பின்னால சேர்த்தேன். தெரியும்."

"ஒரு மாசம் குளிர்ச்சி கொறஞ்சாலும் ஈடு பட்டுப்போச்சுன்னு அர்த்தம். மறுபடி முதல்ல இருந்து வரும். எடம் தேர்வு, காலி பண்ற உத்தரவு, எல்லாம்."

அன்று மாலையே அவள் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இது ஈடு அல்ல, அறுபத்திரண்டு குடும்பங்கள் தலையில் தண்ணீர் சுமந்து உண்டாக்கிய குளிர்ச்சி, இதை நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று இரண்டு பக்கம். ஆணையர் நல்ல மனிதர். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடிதத்தை அவள் முன்னால் வைத்தார்.

"நீங்க எழுதுனது நியாயந்தாம்மா. இத ஏத்துக்கிட்டா ஈடு நடக்கலன்னு ஆகும். நடக்கலன்னா அந்த எடத்தக் காலி பண்ணணும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நான் அப்படியே செய்யறேன்."

அவள் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வெளியே வரும்போது கைப்பைக்குள் அதைத் திணிக்க இடமில்லாமல் நாலாக மடித்து, எட்டாக மடித்து, கசக்கி உள்ளே போட்டாள். தன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. வாய்க்கால்மேட்டில் மெத்தைகளைக் கூரையிலிருந்து இறக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வேஸ்டை வீணாக்காமல் விற்றுவிடலாம் என்று.

"இறக்காதீங்கக்கா. மேலயே இருக்கட்டும்."

"ஏன்? அதான் முடிஞ்சுதே?"

சொன்னாள். கலாமணி பாதி பிரித்த மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப மரமே வராதா?"

"வராதுக்கா."

"மில் ரோட்டுலயும் வராது?"

"எங்கயும் வராது. நீங்க ஊத்துனதுதான் ஈடு."

"தெனமும் ஊத்தோணுமா?"

"தெனமும். என்னைக்கு அளப்பாங்கன்னு தெரியாதே."

"எத்தன வருசத்துக்கு?"

"இருபது."

கலாமணி விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப எனக்கு எழுவத்தொண்ணு ஆயிருக்கும்," என்றாள். பிறகு ஊசியைத் தேடி எடுத்து, பிரித்த இடத்திலிருந்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள். அழுதிருந்தால் அம்சவேணிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படிதான். வாய்க்கால்மேட்டு நுழைவில் 'மக்கள் பங்கேற்புடன் பசுமை ஈடு' என்று நிறுவனத்தின் பெயரோடு ஒரு பலகை வைத்தார்கள். பலகையில் ஒரு மரம் வரைந்திருந்தது. வேறு ஊர்களிலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். இடம் தேட வேண்டாம், கன்று வேண்டாம், குடிசையைக் காலி செய்யும் வம்பும் வேண்டாம் என்று வியந்துவிட்டுப் போனார்கள். அந்த வருடத்துக்குள் பக்கத்து மூன்று நகரங்கள் ஈடு விதியை அப்படியே எடுத்துக்கொண்டன. முன்னுரையில் அம்சவேணிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். தங்கமணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ஏணியில் ஏற முடியாமல், கீழேயிருந்து குடத்தை எடுத்துக் கொடுப்பவளாக ஆனாள்.

முதல் ஆய்வு சித்திரை இரண்டாம் வாரம் வந்தது. ஈடு மரங்களுக்கு எண் தகடு அடிக்க வேண்டும், மாதாமாதம் நிலையைப் பதிய வேண்டும். அது மர அலுவலரின் வேலை. வெட்டிய மரங்களிலிருந்து கழற்றி வைத்திருந்த நாற்பத்தொரு தகடுகளையும் ஒரு சாக்குப் பையில் போட்டு, சுத்தியலோடு அம்சவேணி வந்தாள். உதவியாளரை அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

அறுபத்திரண்டு கதவுகளில் எந்த நாற்பத்தொன்றுக்கு எந்தத் தகடு என்று இயந்திரமே பிரித்துக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு வீடாக அடித்துக்கொண்டு வந்தாள். சிலர் ஆணி இறங்குவதற்குத் தோதாகக் கதவைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினேழாம் நம்பர் வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. கலாமணி கூரை மேல் இருந்தாள். தலையில் ஈரத்துண்டு, இடுப்பில் குடம். மெத்தையிலிருந்து சொட்டிய தண்ணீர் அம்சவேணியின் கையில் இருந்த தகட்டில் விழுந்தது. நாற்றமடித்தது.

"எனக்கு எந்த மரம் குடுத்துருக்காங்க?" என்றாள் கலாமணி மேலேயிருந்து.

"இருபத்து மூணு. மில் கேட்டுக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல நின்னுச்சே, அது."

"அதா? அம்மா அதுக்குக் கீழதான் பஸ்ஸுக்கு நிப்பா." கலாமணி குடத்தைக் கவிழ்த்தாள். "அதுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா வேணி?"

"இல்லக்கா."

"அது பாட்டுக்கு நின்னுச்சு."

"ஆமாக்கா."

கலாமணி இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் தங்கமணி கீழேயிருந்து அடுத்த குடத்தை நீட்டினாள், குனிந்து வாங்கினாள். அம்சவேணி தகட்டைக் கதவில் வைத்து நாலு ஆணி அடித்தாள். பழைய கதவு, ஒவ்வொரு அடிக்கும் வீடே அதிர்ந்தது. பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அதையும் அவள்தான் தயாரித்தாள், எட்டு வருடத்துக்கு முன்பு, யாரும் ஏமாற்ற முடியாதபடி.

மரத்தின் எண் என்ற கட்டத்தில் இருபத்து மூன்று என்று எழுதினாள். நிலை என்ற கட்டத்தில் இரண்டே விடைகள்தான் அச்சாகியிருந்தன: உயிருடன் உள்ளது, பட்டுவிட்டது. ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். கலாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி, அடுத்த குடத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

உயிருடன் உள்ளது என்பதற்கு நேராக அம்சவேணி டிக் அடித்தாள்.